சுமையில்லாத மோட்டார்

எதிர்வீட்டுத் தையல் மெஷினுக்குப் புதிதாக மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். இன்று காலை அதன் கார்பன் கருகிய வாசனை, உங்கள் மோட்டாரின் அதே வாசனை, நம் சமையலறை வரை வந்தது. பாலை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றும் தோன்றவில்லை.

தொழிற்சாலையில் உங்கள் கால் நசுங்கிய பிறகு, வீட்டில் இருந்த லேத்தை, அந்தக் கடைசல் எந்திரத்தை, மிதிக்க உங்களால் முடியவில்லை. கல்லூரியிலிருந்து ரயிலில் வந்ததும் நான் மிதிப்பேன், நீங்கள் உளி பிடிப்பீர்கள். திருப்பாச்சூர்ப் பக்கத்துப் பம்புசெட்டுகளுக்குத் தண்டைத் தாங்கும் புஷ் வளையங்கள் கடைந்து கொடுத்தோம். உங்கள் தம்பி ஒருநாள் வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணி காலேஜ்ல பிசிக்ஸ் நடத்துது, ஊட்டுல லேத்து மிதிக்குது. உனுக்கு இன்னாண்ணா, ராஜ யோகம்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே பட்டணம் போய்ப் பழைய மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அங்கே டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றியதில், பழைய டி.சி. மோட்டார்கள் எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. நம் வீட்டு ஏ.சி.யை அதற்கேற்ப மாற்றும் பெட்டியை நான் செய்து கொடுத்தேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. இது சீரிஸ் மோட்டார், சுமை இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சிதறும், லேத்துக்கு ஆகாது என்றேன்.

முதல் ஓட்டத்திலேயே பெல்ட் கழன்றது. சத்தம் ஊளையாக ஏற, ஓடிப்போய் அணைத்தேன். இதோடு விட்டுவிடுங்கள் என்றேன்.

"உன் கால வச்சிக்கினு நான் எத்தினி நாளு பொயப்பு ஓட்டறது? என் வேலைய நான் செய்யணும்."

 மோட்டார்த் தண்டின் மறுமுனையில் விசிறி இறக்கைகளைப் பொருத்தினீர்கள். பெல்ட் கழன்றாலும் காற்றைத் தள்ளுகிற சுமையாவது இருக்கும். அது போதுமானதாக இருந்தது.

பிறகு நான் உள்ளறையில் விடைத்தாள் திருத்தினேன். உளி உலோகத்தில் பதிந்தால் சத்தம் தாழும், எடுத்தால் ஏறும். சில வருடங்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.

ஒரு பிற்பகல் சத்தம் ஏறியது. தாழவில்லை. எழுந்து வந்தேன். நீங்கள் லேத்தின் மேல் சாய்ந்திருந்தீர்கள். முதலில் சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் உங்களைத் தொட்டேன். மூச்சு நின்றிருந்தது.

போன மாதம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். என் கை சுவிட்சுப் பலகைக்குப் போயிற்று. அங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.