நான் பார்க்காத க்ளைமாக்ஸ்

செவ்வாய், இரவு.

இன்றும் தாம்பரம் போய்க் காலைக் காட்சிக்கு உட்கார்ந்தேன். பெயர் போடும்போதே தூங்கிவிட்டேன். படம் முடியும்வரை ஏசியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்காகத்தான் வாராவாரம் போகிறேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கதை சொன்னேன். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து நான் சொல்வதுதான் அவருக்கு சினிமா. ஹீரோவுக்கு ஆக்சிடென்ட், கடைசியில் எழுந்து நடக்கிறான் என்றேன்.

நான் வரும்வரை அவருக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, "இன்னாடி உளர்ற? ஞாயித்துக்கெழம நானும் பாத்தேனே. அவன் செத்துடறான்" என்றார்.

அடுத்த ஸ்பூனை நீட்டினேன்.

வீட்டுக்காரர்தான் பேசினார். வார்த்தை இன்னும் குழறுகிறது. "அக்கா, இவ பாக்கற படத்துல எல்லாருமே எழுந்து நடந்துடுவாங்க. ஒருத்தன்கூட தவறினதில்ல."

அக்கா போன பிறகு, "நல்லா தூங்கினியா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்கவில்லை.

"அடுத்த வாரமும் போ" என்றார். "முடிவை மட்டும் மாத்திடாத."