எதிர்வீட்டு ஸ்டார்

டிசம்பர் 25, இரவு.

ஸ்டெல்லா அக்கா சொன்னது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எங்கள் பாளையம்பட்டித் தெருவில் கிறிஸ்தவ வீடு எனக்கு எதிரே இருக்கும் அக்காவின் வீடு ஒன்றுதான். அவர் வீட்டுக்காரர் ஆடியில் இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் நல்லநாள் பெரியநாள் கிடையாது என்பது எங்கள் பழக்கம். அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருவில் யாருமே அங்கே போகவில்லை. வாழ்த்துச் சொன்னால் மனசு நோகுமென்று நானும் போகவில்லை. டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தேன். பெரிய மரியாதை செய்கிறேன் என்று நினைப்பு. அவர் வாசலில் காகித ஸ்டார் தொங்குவதை நேற்றே பார்த்தேன். பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை.

பொழுது சாயவும் அக்காவே தூக்குச்சட்டி நிறைய அச்சுமுறுக்கோடு வந்தார்.

"எதுக்குக்கா இந்த வருசமும் அடுப்புல கெடந்து வேகுறீக?" என்று கேட்டுவிட்டேன்.

"வருசாவருசம் வாரவுக வருவாகன்னு சுட்டேன். காலையில இருந்து கதவத் தொறந்து போட்டு உக்காந்திருந்தேன். செத்தது அவுக தான? நான் இங்கனதான இருக்கேன்?"

நான் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. "வாரேன்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்.

முறுக்கை எடுத்துவைத்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். பண்டம் வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கள் பழக்கம்தான்.

எதிரே ஸ்டார் இன்னும் எரிகிறது. நாளைக்கு அந்தச் சட்டியில் எதைப் போட்டுக் கொண்டுபோவேன்?