பாட்டு அல்ல, ஆள்

சிங்கப்பூர்
14-9-1961

அன்பும் மரியாதையும் நிறைந்த மங்களம் அக்காவுக்கு, பாக்கியலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

இந்த வாரம் ஈப்போ ரயிலில் உங்கள் மிருதங்கம் வந்து சேரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதிலாக என் கடிதம் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்தால் வாய் திறக்காதவள், தூரமாய்ப் போனதும் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரித்தால் நல்லதுதான்.

இங்கே எல்லாரும் சுகம். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படத்தை அம்மா சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கறுப்பு அங்கியைப் பார்த்து, "வக்கீலுக்கா படிச்சே?" என்று கேட்காத ஆள் நாரிஸ் ரோட்டில் இல்லை. துறைமுகத்தில் அப்பாவோடு மூட்டை இறக்குகிறவர்கள் அவரை இப்போது 'பி.ஏ. அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கோபித்துக்கொள்வதுபோல் காட்டிக்கொள்கிறார்.

நீங்கள் நடத்திவந்த சனிக்கிழமை வகுப்பை நான் மூடவில்லை. பாட்டுப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த வர்ணத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். மிருதங்கத்துக்குத்தான் வழியில்லை. உங்கள் மாணவி அருள்ஜோதி ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பாதிரியார் கூப்பிட்டு, "பிரசங்கத்துக்குத் தாளம் வேணாம்மா, அது தாளமில்லாமலே நீளமாத்தான் போகுது" என்றாராம். அதைச் சொல்லிச் சிரித்தவள், உடனே, "டீச்சர் எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். நான் ஜன்னலைச் சாத்தப் போய்விட்டேன்.

இனி ஈப்போவில் அண்ணன் வீட்டிலேயே தங்கி வீணை மட்டும் சொல்லிக்கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வீணை நல்ல வாத்தியம்தான். பெண்களுக்கு அதுதான் பொருத்தம் என்று உங்கள் அண்ணன் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. மிருதங்கத்தை அங்குள்ள கோயிலுக்குக் கொடுத்துவிடப் போவதாக எழுதிய வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

சங்கக் கச்சேரி நோட்டீஸில் உங்கள் பேர் விட்டுப்போன விஷயம் இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. போன வாரம் டன்லப் தெரு அச்சகத்துக்காரர் காதர் மைதீன் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சங்கத்திலிருந்து வந்த காகிதத்தில் 'மிருதங்கம் மங்களம்' என்று இருந்திருக்கிறது. "மங்களம்னா கச்சேரி முடியுற பாட்டுதானே தங்கச்சி? அதைப் போயி நடுவுல போட்டா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்ச மாதிரி ஆயிடும் லா. அதான் கடைசி வரிக்குக் கொண்டு போனேன். மிருதங்கத்துக்குப் பேர் இல்லாமப் போச்சு, அந்த வரியவே எடுத்துட்டேன்" என்றார். கச்சேரி முறை தெரிந்ததால் வந்த பிழை. தெரியாதவராக இருந்தால் சரியாக அச்சடித்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அந்த நோட்டீஸ் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே சங்கச் செயலாளர் சேதுபதி ஐயாவின் கைக்கு வந்துவிட்டது. உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவர் வந்து கேட்கவில்லை. ஜொகூரிலிருந்து வேறு ஒருவரை வரவழைத்தார். நீங்கள் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் கனத்த நாதத்துக்காக ரவையைக் குழைத்துப் பூசி, சுருதி சேர்த்து வந்து நின்றபோது, "நோட்டீஸ்ல பேர் இல்லையேம்மா, நீங்க வரலைன்னு நெனச்சேன். வந்ததுதான் வந்தீங்க, தம்புராவையாவது புடிங்களேன்" என்றார். நீங்களும் பிடித்தீர்கள். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். பாட்டை நான் கேட்கவில்லை. உங்கள் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் அசையாமல் கிடந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் ஆண்களைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டதும், கோயில் கச்சேரிக்கு வாசிக்க ஆளில்லாமல், உங்கள் அப்பாவின் மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு பதினேழு வயதில் நீங்கள் மேடை ஏறியதாக ஒருமுறை சொன்னீர்கள். "அப்போ யாரும் பொம்பளைன்னு பாக்கலை பாக்கியம், ஒரு ஆள் கெடைச்சுதேன்னு பாத்தாங்க. சண்டை முடிஞ்சு ஆம்பளைங்க திரும்பி வந்ததும் நான் பொம்பளை ஆயிட்டேன்" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது தம்புராவோடு உங்களைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, மிருதங்கத்தைக் கட்டி அனுப்பத்தான் போனேன். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து உறையைக் கழற்றினால், அன்று பூசிய ரவை அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. வாசித்த பிறகு சுரண்டி எடுக்காமல் நீங்கள் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டுத் தோலுக்கு நோகாமல் எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "உப்புமா கிண்டுற ரவைய இதுக்குப் போயி..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டு துணியை அவரே பிழிந்து கொடுத்தார். துடைத்த பிறகு கட்டி அனுப்ப மனம் வரவில்லை.

இன்னொரு செய்தி. நவராத்திரியில் பெண்கள் கச்சேரிக்கு என்னைப் பாடச் சொல்லி சேதுபதி ஐயா வந்தார். "பி.ஏ. படிச்ச பொண்ணு பாடுதுன்னு போட்டா கூட்டம் வரும் லா" என்றார். மிருதங்கத்துக்கு ஜொகூர்க்காரரையே சொல்லிவிடவா என்றும் கேட்டார். நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே, மங்களம் அக்கா வாசித்தால்தான் பாடுவேன் என்றேன். "அவங்கதான் ஈப்போவுக்குப் போயிட்டாங்களே?" என்றார். "வருவாங்க" என்றேன். "வந்தா தம்புரா..." என்று இழுத்தார். "மிருதங்கம்" என்றேன். அப்பா உள்ளே செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. சேதுபதி ஐயா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, பாப்போம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

காதர் மைதீன் அண்ணன் இந்தத் தடவை நோட்டீஸை முன்னாலேயே எழுத்துக் கோத்து வைத்துவிட்டார். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று, 'மிருதங்கம்: திருமதி மங்களம் (பாட்டு அல்ல, ஆள்)' என்று போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார். ஆனால் எனக்கு அந்த மூன்று சொற்களும் மறக்கவில்லை. உங்கள் பதில் வரும்வரை அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கீர்த்தனைக்குப் பிறகு நீங்கள் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் நேரத்தை நான் குறைக்க மாட்டேன், அக்கா. கூட்டம் காப்பிக்கு எழுந்து போனால் போகட்டும். நான் தாளம் போட்டுக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே இருப்பேன்.

உங்கள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். மிருதங்கத்தை நான் அனுப்பப் போவதில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாக்கியம்