எட்டாம் இலக்கச் சட்டை

மச்சாள்,

பனம்பழ மணம் வருகிறது. சவர்க்காரம் கிடைக்காததால் உன் அம்மா உன் வெள்ளைப் பள்ளிச் சட்டையைப் பனங்களியில் தோய்த்து, இன்று பின்னேரம் எனக்குக் கொண்டுவந்து தந்தார். என் சட்டை தோளில் கிழிந்துவிட்டது. யுத்தத் தடையால் கடைகளில் வெள்ளைத் துணியும் இல்லை.

"அவளின்ரைதான் பிள்ளை. உனக்கு அளவாயிருக்கும். நாளைக்குப் போட்டுக்கொண்டு போ." சொல்லிவிட்டு மாமி என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

சட்டை ஆணியில் தொங்குகிறது. ஜாம் போத்தல் விளக்கின் திரி அசையும்போதெல்லாம் அதன் நிழல் சுவரில் ஆடுகிறது. அம்மா எழும்பினால் எண்ணெய் வீணாகிறதென்று ஏசுவார். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுக்க முடியவில்லை.

முதுகில், கொலருக்குக் கீழே நீ வாழைக்கயர்க் கறையால் எழுதிய எட்டு அப்படியே இருக்கிறது. மாமி எவ்வளவு தேய்த்தாரோ. போகக்கூடாதென்றுதானே கயரால் எழுதினாய்.

அது அந்த ஜேர்மன்காரனின் இலக்கம். ஜேர்மனிக்குப் போன உன் அண்ணை ஹோட்டலில் கோப்பை கழுவும் ஊரில் ஐஸ் ஹொக்கி விளையாடியவன். வேறு ஊர்க்காரர் கூப்பிட்டும் போகாமல், இளந்தாரியாகச் சேர்ந்த அணியிலேயே தலை நரைக்கும்வரை விளையாடினானாம். விளையாட்டில் அடிபட்டு முன்பற்கள் இல்லை. அவன் பாண் வாங்க வந்தால் கடையே எழும்பி நிற்குமாம். பஸ்ஸில் அண்ணைக்குப் பக்கத்தில் இருக்கவே விரும்பாத ஒரு கிழவி, அவர் கழுத்தில் அந்த அணியின் சால்வையைக் கண்ட அன்று வந்திருந்து அவனைப் பற்றியே கதைத்தாளாம். "அவனாலைதான் இஞ்சை என்னோடை ஆக்கள் கதைக்கினம்" என்று அண்ணை கடிதத்தில் எழுதிய வரியை நீ திரும்பவும் வாசித்தாய்.

பிறகு கிணற்றடிச் சீமெந்து ஐஸ் போல வழுக்கத் தண்ணீர் ஊற்றி, தென்னை மட்டையால் பால்மா ரின் மூடியை அடித்து விளையாடினோம். எப்போதும் நீதான் எட்டு. வழுக்கி விழுந்து உதடு வெடித்தபோதும், "பல்லுப் போகேல்லை. இன்னும் வடிவாப் பழகேல்லைப் போல" என்று சிரித்தாய்.

கொழும்பு சுற்றி மாதக்கணக்கில் பிந்தி வந்த கடிதத்தில், அவன் விளையாட்டை விட்டுவிட்டான் என்றிருந்தது. மண்டபம் முழுக்க அழுததாம். அவன் சட்டையைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்களாம். அந்த இலக்கத்தை இனி ஒருவரும் போடமாட்டார்கள்.

எனக்கு மெய் சிலிர்த்தது. நீ முகத்தைச் சுளித்தாய்.

"நல்ல சட்டை. ஆராவது போடலாமெல்லே?"

"அது மரியாதையடி."

"என்ன மரியாதை? என்ரை சட்டையை உப்பிடிக் கொழுவி வைச்சா, பேயா வந்து இழுத்து விழுத்துவன்."

அடுத்த கிழமை, நீ நெல்லியடிக்கு ரியூசனுக்குப் போன வழியில் பொம்பர் வந்து குண்டு போட்டது. அன்று நீ பூச்சட்டை போட்டிருந்தாய். அதனால்தான் வெள்ளைச் சட்டை மிஞ்சியது.

மாமி தந்தபோது வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். இதையும் ஒருவரும் போடாமல் உயரத்தில் வைத்திருக்கலாமே என்றுதான் ஆணியில் கொழுவினேன். இப்போது காற்று நின்றுவிட்டது. விளக்கு அசையாமல் எரிகிறது. சட்டை மட்டும் இன்னும் ஆடுகிறது.

எழும்பிப் போய் எடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். பனம்பழ மணத்துக்கு நாளைக்கு ஒழுங்கையில் மாடுகள் பின்னால் வரும். நீயென்றால் கல்லெறிந்து கலைப்பாய். எனக்குப் பயம். கொலருக்குக் கீழே, எட்டு இருக்கும் இடம் மட்டும் முதுகில் குளிரும் என்று தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

போட்டுக்கொண்டு போகிறேன், மச்சாள். இழுக்காதே.