‘வீட்டுக்காரி’ என்ற கோப்பைத் திறந்தோம்

தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பொய் சொல்லி ஆறு வருஷம் என்னைக் கிட்டேயே வரவிடாத என் பிரியமான சித்தப்பாவுக்கு,

தொட்டுவிட்டேன். ஷாக் அடிக்கவில்லை.

கோபப்படாதீர்கள். நானாகத் தொடவில்லை. சித்திதான் பீரோவைத் திறந்து லேப்டாப்பையும் உங்கள் பதினாறு பட்டன் இசைப் பெட்டியையும் என் மடியில் வைத்தார். “உங்க சித்தப்பா எனக்குன்னு ஒரு மியூசிக் செஞ்சிட்டிருக்கேன்னு சொன்னாரு மதி. முடிச்சாரா இல்லையான்னுகூடத் தெரியல. வருஷத் திவசத்துக்குள்ள ஒரு தடவை அதைக் கேட்டுடணும்” என்றார். நீங்கள் போனதிலிருந்து சித்தி எங்களிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா என்னைப் பார்த்தார். “பதினொண்ணாவது படிக்கிறே, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேற. கண்டுபிடிச்சுடுவேல்ல?” திவசத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

படிக்காமல் நான் எதையும் தொடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டியின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்து, பூதலூர் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் ‘உங்கள் கற்பனைக்கு எல்லையே இல்லை’ என்று இருந்தது. அதற்குப் பிறகு நூற்றெண்பது பக்கத்துக்கு எல்லைகளைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் லேப்டாப் உங்கள் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் எதை அமுக்கினாலும் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் கையேட்டின் அடிக்குறிப்பு ஒன்றில் விடை கிடைத்தது. நான் சொருகியிருந்தது அப்பாவின் போன் சார்ஜர் ஒயர். அது கரண்டை மட்டும் கொண்டுபோகும், சேதியைக் கொண்டுபோகாது. உங்கள் சொந்த ஒயர் எங்கே இருந்தது தெரியுமா? கொசுவலையின் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியது நீங்களா சித்தியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

பிறகு உங்கள் கோப்புகளைத் தேடினேன். ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் புதுசு’, ‘டெஸ்ட் புதுசு ஃபைனல்’, ‘ஃபைனல் இதுதான்’. கடைசியாக ஒன்று: ‘வீட்டுக்காரி’. ஓடிப்போய்ச் சித்தியைக் கூட்டி வந்தேன். திறந்தால் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள்.

“பாட்டு எங்கடி?”

“பாட்டுன்னு தனியா இல்ல சித்தி, கட்டம்தான் இருக்கு.”

“கட்டமா? ஜாதகம் மாதிரின்னா இருக்கு.”

நீங்கள் முழுப் பாட்டாக எதையும் சேர்த்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுச் சத்தம், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கட்டம். மேடையில் நின்று யாராவது கையால் அமுக்கினால்தான் அது இசை. திருவிழாக்களில் நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். பாவம், பாதிப்பேர் உங்களை மைக்செட்காரர் என்று நினைத்து, காணாமல் போன பிள்ளைகளின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள்.

சரி, நானே அமுக்குகிறேன் என்று ஆரம்பித்தேன். இன்னொரு தொல்லை. இப்போது தட்டினால் கொஞ்சம் பிந்தித்தான் சத்தம் வந்தது. கையேட்டின்படி ஒலி அமைப்புக்குள் போய், ஆயிரத்து இருபத்து நாலு என்று இருந்த எண்ணை நூற்று இருபத்தெட்டு ஆக்கினேன். தட்டியதும் சத்தம்! முதல் பட்டனில் நெல் மூட்டையைத் தரையில் போடுகிற ‘தொப்’. இரண்டாவதில் ரயில்வே கேட் மணி. ஐந்தாவதில் மழைத் தவளைகள். இதையெல்லாம் எப்போது போய்ப் பதிந்தீர்கள்?

ஒன்பதாவது பட்டனில் நம் போர்செட் மோட்டார் ஓடுகிற சத்தம், தண்ணீர் கொட்டுவதோடு. விரலை எடுத்ததும் அது நிற்க வேண்டும். நிற்கவில்லை. உள்ளே போன பட்டன் மேலே எழும்பவே இல்லை. நானோ பெரிய ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்திருந்தேன்.

கொல்லையில் இருந்த அப்பா காதில் விழுந்துவிட்டது. “மும்முனை கரண்ட் வந்துடுச்சுடோய்!” என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு நாற்றங்காலுக்கு ஓடினார். கால் மணி நேரம் கழித்து, ஓடாத மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றார். “செத்தும் என்னை வயலுக்கு விரட்டறான் பாரு” என்றார். நான் இன்னும் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பட்டன் ஏன் எழும்பவில்லை? போன வருஷம் ஆயுத பூஜைக்குச் சித்தி பதினாறு பட்டனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்ததும், “அடியே, பட்டன்ல வைக்காதே!” என்று நீங்கள் கத்தியதும் நினைவிருக்கிறதா? அதற்கு இருபது நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். பெட்டி அப்படியே பீரோவுக்குள் போனது. சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கிச் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. ஒன்பதாவதாவது அமுங்கியது. கடைசி வரிசை நாலும் அசையவே இல்லை. மவுஸால் சொடுக்கிக் கேட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அது கையேட்டில் நூற்றறுபதாம் பக்கத்தில் இருந்தது. நான் நூற்றிருபதில் இருந்தேன்.

துடைக்க வேண்டும் என்றதும் சித்தி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அது நான் வச்ச பொட்டு” என்றார். நான் கையேட்டுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே உங்கள் புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்து வந்தார். “சாமிக்கு வச்சதைக் கண்ட துணியால துடைக்காதே.” நான் ஊசியால் சுரண்ட, அவர் துடைத்தார். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

திவசத்துக்கு முதல் நாள் பதின்மூன்றாவது பட்டனை அமுக்கினேன்.

“சாப்பாடு ஆறுது, வரீங்களா இல்லையா?”

பதினாலு: “எத்தனை தடவை கூப்பிடறது?” பதினைந்து: தட்டில் கரண்டி விழுகிற டணங்.

சித்திக்கு வாய் மூடவில்லை. “திருட்டுத்தனமா என் குரலைப் பதிஞ்சு வச்சிருக்காரு! ஏன் மாமா, நான் இப்படியா கத்தறேன்?” என்று அப்பாவைக் கேட்டார்.

“இதைவிட” என்றார் அப்பா.

சித்தி சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ஒரு வருஷம் ஆயிற்று சித்தப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்டு. மூட்டையும் தவளையும் மோட்டாரும் ஓட, நடுவில் குரலைப் போட்டுப் பார்த்தேன். அப்படியே தாளத்தில் வந்து உட்கார்ந்தது. சித்தி தாளம் தப்பாமல் கத்துகிறார்.

மறுநாள் இலை போட்டுப் படையல் வைத்தாயிற்று. சூடம் ஏற்றும் முன்னால், “மதி, பெட்டியை எடுத்துட்டு வா” என்றார் சித்தி. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, உங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பதின்மூன்றாவது பட்டனை அவரே அமுக்கினார். “சாப்பாடு ஆறுது, வரீங்களா இல்லையா?” யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் நடந்தது.

பதினாறாவது பட்டனில் ஒன்றும் இல்லை. அப்பாதான் கேட்டார்: “அதுல ‘இதோ வரேன்’னு யாராவது சொல்லிப் பதிஞ்சுடலாமா? என் குரல் தம்பி குரல் மாதிரிதானே இருக்கும்?”

“வேணாம் மாமா” என்றார் சித்தி. “அவரு என்னைக்குக் கூப்பிட்ட உடனே பதில் சொன்னாரு? காலியாவே இருக்கட்டும்.”

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். பள்ளி ஆண்டு விழாவில் இதை நான்தான் வாசிக்கப்போகிறேன். பதினாறாவது பட்டனில் யாரையும் எதையும் வைக்கவிடமாட்டேன். சித்தி கூப்பிட்டதும் நாலு தாளம் சும்மா இருந்துவிட்டுத்தான் அடுத்ததை அமுக்குவேன். அந்த நாலு தாளம் உங்களுடையது.

உங்கள் அண்ணன் மகள்,
நிறைமதி