சுமையா அழுத காட்சி

செப்டம்பர் 3
பிள்ளை தூங்கும் நேரத்தில்தான் எனக்கு வசனம் ஓடும். இன்று சுமையா தூங்கவில்லை. சென்னையிலிருந்து கவியரசன் சார் போன். நான் எழுதும் சிரிப்புத் தொடரின் இயக்குநர். “அடுத்த கதையே நீதாம்மா. கைக்குழந்தையோட வேலைக்கிப் போற ஒருத்தி. வீட்ல நடக்கறத அப்படியே எழுது, சிரிப்பு தானா வரும்.”
வீட்டில் நடப்பது: பால் கட்டிக்கொண்டு மார்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. இதில் சிரிப்பு எங்கே?

செப்டம்பர் 8
எழுதிவிட்டேன். முதலாளி முன்னால் பையிலிருந்து பைலை எடுக்கப் போனவள் கையில் பிள்ளையின் ஈரத் துணி வருகிறது. என் கணவர் ரவூப் செருப்புக் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் படித்துக் காட்டினேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 15
படப்பிடிப்பு கல்வராயன் மலையில். வசனம் மாற்ற நான் அங்கேயே இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஆள். மாமியாருக்குக் கோபம். “நாலு மாசப் புள்ளய மலைக்கித் தூக்கினு போவியா? வேல இன்னா ஓடியா பூடும்?”
ஓடிப் பூடும் மாமி.

செப்டம்பர் 18
கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதுமே சுமையா வாந்தி எடுத்தாள். வளைவுகளால்தான் என்றார் ரவூப். எங்களை வெள்ளிமலையில் விட்டுவிட்டு கடைக்குத் திரும்பினார்.

செப்டம்பர் 19
ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.
குழந்தைக்கு முதலில் பொம்மையை வைத்துத்தான் எடுத்தார்கள். கேமராவில் அது பொம்மையாகவே தெரிந்தது. சார் என் மடியைப் பார்த்தார். “ஒரே ஷாட்டும்மா. அழுதா போதும்.” பிள்ளைக்கு உடம்பு சுடுது சார் என்றேன். “அப்ப நல்லாவே அழுவா,” என்றார். யாரோ சிரித்தார்கள்.
ஏன் கொடுத்தேன்? கொடுத்தேன்.
நடிகை கைக்குப் போனதும் வீறிட்டாள். ஒரே டேக். கைதட்டினார்கள். அப்புறம் அழுகையே ஒரு மாதிரி ஆகிவிட்டது, மெலிந்து, முனகலாய். பால் குடிக்கவில்லை. வண்டி கேட்டேன். ஹீரோவைக் கூட்டிவரப் போயிருக்கிறது, பொறுங்கள் என்றார்கள். போனில் சிக்னல் இல்லை. பொறுத்தேன், பொறுத்தேன். கடைசியில் லைட் தூக்க வந்திருந்த இருசப்பன் அண்ணன் தன் பைக்கை எடுத்தார். “பேசிக்கினே நிக்காதீங்கம்மா. உக்காருங்க.”
பாதி இறக்கத்தில் அவள் கண் மேலே சொருகிக்கொண்டது. யா அல்லாஹ்.

செப்டம்பர் 20
மூளைக்காய்ச்சல்.

செப்டம்பர் 24
பிழைத்துவிட்டாள். “மலைக்கிப் போனதால வந்ததில்லம்மா, கிருமி முன்னாடியே உள்ள இருந்திருக்கும். ஆனா இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்,” என்றார் டாக்டர். ரவூப் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். என்னோடு பேச்சில்லை.

அக்டோபர் 12
வீடு வந்துவிட்டோம். தொடரில் அந்தக் கதை ஒளிபரப்பானது. என் பெயர் வந்தது. சுமையா அழுதாள், அதன்மேல் கூட்டச் சிரிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ரவூப் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

அக்டோபர் 16
காற்றில் கதவு படாரென்று அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுமையா விழித்துத்தான் இருந்தாள். ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இல்லை. கவனித்திருக்க மாட்டாள்.

நவம்பர் 4
விழுப்புரத்தில் காதுப் பரிசோதனை. இரண்டு காதும் கேட்கவில்லை. மூளைக்காய்ச்சலில் போனதாம். ஆபரேஷன் இருக்கிறதாம், எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். திரும்பும்போது பஸ்ஸில் ரவூப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். “நீ கொஞ்சம் தூங்கு நௌஷீன்.”
ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

நவம்பர் 20
கவியரசன் சார் போன். அந்தக் கதைக்கு நல்ல பேராம். “பாப்பாவ வெச்சே இன்னொண்ணு பண்ணலாமா?”
“அவளுக்குக் காது கேக்காது சார்.”
போனை வைத்துவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 9
கடையிலிருந்து வந்தால் வாசலிலிருந்தே ‘சுமையா’ என்று கூப்பிடுவது ரவூப் வழக்கம். காது கேட்காது என்று தெரிந்த பிறகும் விடவில்லை. இன்று கூப்பிடவில்லை. நேராக உள்ளே வந்து, அவள் கண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.
பார்த்ததும் சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.