எட்டுப் பேரோடு மலை ஏறும் கார்

வேப்பந்தட்டை
21-6-1982

அன்பு மருமகள் தனத்துக்கு மாமன் உத்திராபதி எழுதுவது. இங்கு நான், உன் அத்தை குஞ்சம்மாள், புதிதாக வந்திருக்கும் வெள்ளைக் கார், மூவரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை வைத்திலிங்கமும் சம்பந்தியம்மாவும் சுகம்தானே.

உன் கொழுந்தன் செல்லதுரை பெரம்பலூரில் பழைய கார் விற்கிற கடையில் சேர்ந்திருக்கிறான், நம்ம வூட்டுப் பிள்ளை, ஒரு நடை போய்ப் பாருங்க மாமா என்று எழுதியிருந்தாய் அல்லவா. போனேன். என்னைக் கண்டதும் "வாங்க பெரியப்பா" என்று எகிறி எழுந்தான். கடை முதலாளியே எனக்கு விசிறினார் என்றால் பார்த்துக்கொள்.

கார் அம்பாசிடர். முன்பு ஒரு கலெக்டர் வீட்டில் நின்றது. அழுக்காகிவிடும் என்று கலெக்டர் அதில் ஏறாமல் ஆபீசுக்கு நடந்தே போவாராம். முன்னால் ஒரு பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் ஏசி. உன் அத்தை போர்வை கேட்டுவிட்டாள். ரேடியோவில் சிலோன் எல்லாம் சாதாரணம், லண்டனில் ஒருத்தன் இருமினால் இங்கே கேட்கிறது. பெட்ரோலை மோந்து பார்க்கக் கொடுத்தால் போதும், திருச்சி வரைக்கும் ஓடும். "எட்டுப் பேரோட மலை ஏறும் பெரியப்பா, நானே ஓட்டிப் பாத்தேன்" என்று செல்லதுரை என் கையைப் பிடித்துச் சொன்னான். அதற்குத்தான் வாங்கினேன். பச்சைமலைக்காரர்கள் ஒரு பஸ்ஸுக்குப் பொழுதெல்லாம் காத்துக் கிடக்கிறார்கள். இனி என் கார்தான் அவர்களுக்கு எல்லாம்.

ஏர் மாடு இரண்டையும் விற்றுத்தான் வாங்கினேன். மாட்டுக்கொட்டகையில் இப்போது கார் நிற்கிறது. "புரட்டாசியில மழை எறங்குனா எதை வெச்சு உழுவீங்க" என்று உன் அத்தை கேட்கிறாள். காரிலேயே ஏர் பூட்டலாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
கார்க்கார மாமன் உத்திராபதி


ரெட்டிபாளையம்
28-6-1982

அன்புள்ள மாமாவுக்குத் தனம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மாமியாருக்கு வாயெல்லாம் பல். சின்ன மகன் விற்ற முதல் கார் சொந்தத்திலேயே போனது என்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நான் போய்ப் பாருங்கள் என்றுதானே எழுதினேன். மாட்டை விற்று வாங்குங்கள் என்றா எழுதினேன்? இவர் சிமெண்ட் பேக்டரியில் ஆபீசர் காரைத் தினமும் பார்க்கிறவர். பழைய அம்பாசிடரில் ஏசியா என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். வாங்குவதற்கு முன் மலையில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா? உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
தனம்


வேப்பந்தட்டை
19-7-1982

தனத்துக்கு மாமன் எழுதுவது. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உன் கொழுந்தன் என்னை மோசம் பண்ணிவிட்டான். போன புதன்கிழமை மலைமேல் ஒரு நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர், நாங்கள் இரண்டு பேர், ஆக எட்டுப் பேர் ஏறினோம். நான் டிரைவர் அய்யாக்கண்ணு பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வளைவில் கார் நின்றது. நின்றால்கூடப் பரவாயில்லை, பின்னால் போக ஆரம்பித்தது. பொம்பளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தோம். மூடியைத் திறந்தால் நெல் அவிக்கிற அண்டா மாதிரி ஆவி. மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு தள்ளினார். வேட்டி முழுக்கக் கரி. "காரு எங்களை ஏத்திக்கிட்டு வந்துச்சா, நாங்க காரை ஏத்திக்கிட்டு வந்தமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அய்யாக்கண்ணுவோ, இந்த வண்டி சமதரையிலேயே முக்குகிறது என்று இப்போது சொல்கிறான்.

நேரே பெரம்பலூர் போனேன். ஏன்டா, மலை ஏறும் என்றாயே என்று கேட்டால், "நான் எங்க பெரியப்பா அப்படிச் சொன்னேன்" என்கிறான். எட்டுப் பேர் என்றா சொன்னான், பதினாறு பேர் என்றான். ரிவர்சிலேயே மலை ஏறும் என்றான். ஏறாவிட்டால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்றான். இதையெல்லாம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சொன்னேன். சென்னை பஸ்ஸைக்கூட விடவில்லை.

காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு மாட்டுக் காசைக் கொடுக்கச் சொல். மழைக்கு முன்னால் எனக்கு மாடு வேண்டும். நீ சொல்லித்தான் நான் போனேன் என்பதை மறக்காதே.

உத்திராபதி


ரெட்டிபாளையம்
26-7-1982

மாமாவுக்குத் தனம் எழுதுவது.

நீங்கள் சொன்ன கதை எனக்கு உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் மாமியார் ஒருவர். செல்லதுரைக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் இது. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. பக்கத்தில் நின்றாலும், "வைத்தி, உம் பொண்டாட்டிய அந்தச் சொம்பை எடுக்கச் சொல்லு" என்று இவரிடம் சொல்கிறார்கள். இவர் ஷிப்டுக்குப் போன பிறகு ஆட்டுக்குட்டியிடம் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லதுரை வந்தார். "அண்ணி, ஏசின்னு நானா சொன்னேன்? தள்ளுனா காத்து வரும்னேன். வருதா இல்லையா? லண்டன் ரேடியோவாம். அந்தக் கார்ல ரேடியோவே கெடையாது அண்ணி, ரேடியோ வெக்கிற ஓட்டைதான் இருக்கு. மலையப் பத்தி நான் பேசவே இல்ல. அதுவும் உங்க மாமா சரக்குதான்" என்கிறார்.

நான் யாரை நம்புவது மாமா? முதல் கடிதத்தில் எட்டுப் பேர், அடுத்ததில் பதினாறு. இதைக் கொண்டுபோய் இந்த வீட்டில் யாரிடம் வாதாடுவேன்? நீங்கள் சொல்வதில் ஒன்று உண்மையாக இருந்தாலும் உங்களுக்காக நான் நிற்பேன். செல்லதுரை வாயால் சொன்னதை மட்டும் எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

தனம்


வேப்பந்தட்டை
2-8-1982

தனத்துக்கு மாமன் எழுதுவது. கார்டு வாங்கினேன், இடம் போதவில்லை. ஆகையால் கவர்.

ரேடியோ இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஓட்டையில் காதை வைத்தால் ஏதோ ஒரு பாஷையில் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஏசி விஷயம், அவன் காற்று என்று சொன்ன விதத்திலேயே ஏசி இருந்தது. மலை விஷயத்தில் அவன் என் கையைப் பிடித்தான், தோளைத் தட்டினான், கண்ணில் தண்ணீர் விட்டான், கடை முதலாளி கைதட்டினார்.

நீயும் நம்பவில்லை, உன் அத்தையும் நம்பவில்லை. அதனால் ஒரு முடிவு பண்ணிவிட்டேன். ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டேன். ஆடிக் கூட்டம் ஓயட்டும், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்கு அவன் வரட்டும். மலை ஏறும் என்று நான் சொல்லவில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் காரை நானே வைத்துக்கொண்டு அதில் கோழி வளர்க்கிறேன்.

உத்திராபதி


ரெட்டிபாளையம்
9-8-1982

மாமாவுக்கு,

கார் பிரச்சினையைக் காளியம்மன் வரை கொண்டுபோய்விட்டீர்கள். உங்களோடு எனக்கு மாளவில்லை.

செல்லதுரை வருகிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல அவரு அணைக்கட்டும் அண்ணி. ஏசி, லண்டன், கலெக்டர், ஒண்ணொண்ணா கேப்பேன். எல்லாத்துக்கும் அணைச்சிட்டாருன்னா கடையையே எழுதித் தரச் சொல்றேன்." துணைக்கு இவர் வருகிறார். நான் வரக்கூடாது என்று என் மாமியார் ஆட்டுக்குட்டியிடம் சொல்லிவிட்டார்கள்.

சின்ன வயதில் என்னை அந்தக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். அங்கே ஒரு சொல் கூட்டிச் சொல்லி அணைப்பதைவிட, கார் உங்கள் கொட்டகையிலேயே துருப்பிடித்துப் போகட்டும். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

தனம்


வேப்பந்தட்டை
22-8-1982

தனத்துக்கு மாமன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். இல்லை. கோயிலுக்கு வந்தவர்கள் அத்தனை பேர் இருக்கலாம், எங்களைச் சுற்றி நின்றவர்கள் ஒரு பத்துப் பேர். எல்லாம் வெளியூர் முகம். மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருப்பார், ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செல்லதுரை வெற்றிலையில் சூடம் வைத்து ஏற்றினான். "பெரியப்பா, ஏசின்னு நான் சொன்னதா அணைங்க" என்றான். கையை நீட்டினேன். அனல் உள்ளங்கையில் பட்டது. உள்ளே அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். காத்து வரும் என்று அவன் சொன்ன குரல் அப்போது காதில் சுத்தமாகக் கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன். "அது நான் சொன்னது" என்றேன்.

"லண்டன் ரேடியோ?"

"அதுவும் நான்தான்."

"கலெக்டரு?"

"ஆபீசர் வூட்டுக் காருன்னுதான் நீ சொன்ன. கலெக்டர் ஆக்குனது நான்."

"பதினாறு பேரு, மீசை?"

"அதெல்லாம் பஸ் ஸ்டாண்டுல சேந்தது."

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "யோவ், நீ கார் வாங்குனியா கதை வாங்குனியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்தார். செல்லதுரை துண்டை உதறித் தோளில் போட்டான். "அவ்வளவுதானே பெரியப்பா, போலாமா?"

"ஒண்ணு இருக்கு" என்றேன். "எட்டுப் பேரோட மலை ஏறும் பெரியப்பா, நானே ஓட்டிப் பாத்தேன். இது உன் வாயில வந்தது."

சொல்லிவிட்டு அணைத்தேன். பிறகு நானே புதுச் சூடம் வைத்து ஏற்றி, "சொல்லலைன்னு நீ அணை" என்றேன்.

அவன் கையை நீட்டினான். சூடத்துக்கு மேலே கை அப்படியே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை, "டேய் துரை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். செல்லதுரை கையை இழுத்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போய்விட்டான். சூடம் தானே எரிந்து முடிந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் தனம். இதில் ஒரு சொல் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியமே இல்லாத கதை எனக்கு இப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. கார் திரும்பிப் போகிற வரைக்கும் ஊரில் வாயைத் திறக்காதீர்கள் என்று உன் அத்தை சொல்வதால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கார் போன மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

உத்திராபதி


ரெட்டிபாளையம்
28-8-1982

அன்புள்ள மாமாவுக்குத் தனம் வணக்கத்துடன் எழுதுவது.

செல்லதுரை இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிட்டார். கடையில் எந்தக் காரைக் காட்டினாலும் நானே ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்வது பழக்கமாம். உங்களிடமும் வாய் அப்படியே போய்விட்டதாம். முதலாளியிடம் சண்டை போட்டு, காரைத் திருப்பி எடுக்கச் சம்மதிக்க வைத்துவிட்டார். புதன்கிழமை செல்லதுரையே காசோடு வந்து காரை எடுத்துக்கொள்வார்.

என் மாமியார் நேற்று என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்: "உங்க மாமன் சொன்னதுல ஒண்ணுதான் நெசம். எம் மவன் சொன்னதுல ஒண்ணுதான் பொய்யி. அந்த ஒண்ணும் ஒண்ணும் ஒரே ஒண்ணாப் போச்சே." சொல்லிவிட்டு அழுதார்கள். அம்மன் முன்னால் கை நீட்டிப் பின்வாங்கினவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பதுதான் அவர்கள் பயம்.

நீங்கள் ஜெயித்தது நிஜம் மாமா. நான் உங்களை நம்பவில்லை, அதற்கு என்னைத் திட்டுங்கள். ஆனால் நான் வாழ்வது இந்த வீட்டில். செல்லதுரை கையை இழுத்துக்கொண்டதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஏசிக்கும் லண்டனுக்கும் நீங்கள் கையை எடுத்ததைச் சொல்லுங்கள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லுங்கள்.

உங்கள் தனம்


வேப்பந்தட்டை
12-9-1982

அன்பு மருமகள் தனத்துக்கு மாமன் உத்திராபதி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் இரண்டு மாடும் சுகம்.

செல்லதுரை வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அத்தை கறி சமைத்துப் போட்டாள். கார் கிளம்ப மறுத்ததால் அவனும் அய்யாக்கண்ணுவும் தார் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். பாதி தூரம் நானும் தள்ளினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நீ சொன்னபடியே சொன்னேன். சூடம் ஆள் உயரத்துக்கு எரிந்தது, நான் ஏழு தடவை கை நீட்டி ஏழு தடவையும் பயந்து எடுத்தேன், வேட்டியில் பொறி பட்டுக் குளத்துக்கு ஓடினேன் என்றெல்லாம் சொன்னேன். "அந்தப் பையன் என்ன பண்ணுனான்?" என்றார்கள். "அவன் முறை வர்றதுக்குள்ளதான் நான் ஓடிட்டேனே" என்றேன். இப்போது டீக்கடையில் நான் உட்கார்ந்தால் சின்னப் பயல்கள்கூட, "மாமா, கை சுட்டுச்சா" என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல. இரண்டு தடவை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டீயைக் குடித்து உள்ளே தள்ளினேன்.

நேற்று, செல்லதுரைக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண் வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பையன் எப்படி என்று கேட்டார்கள். "தப்பு வந்தா தானே வந்து தூக்கிக்கிட்டுப் போற பையன்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நீங்க சொல்றதுல பாதிய எடுத்துக்கறோம்" என்று எழுந்து போனார்கள்.

பாதியே போதும் தனம். பெண் கொடுத்துவிடுவார்கள். சம்பந்தியம்மாவிடம் சொல்.

உன் மாமன்,
உத்திராபதி